பெயர் எழுதும் மொனிற்றர்: கொழும்புத் தமிழ் வகுப்பறைகளில் ஒழுங்கும் கற்றலும்

கொழும்பில் அரச பாடசாலைகள் பிற்பகல் 1.30-க்கு விடுகின்றன. அதன்பின் ஒரு மணி நேரம் போவதற்குள், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய மாடிக் கட்டடங்களிலும் அதே வெள்ளைச் சீருடைகள் மறுபடி வாங்குகளில் அமர்ந்துவிடும். காலையில் விஞ்ஞானம் படித்த பிள்ளை மாலையில் அதே விஞ்ஞானத்தைக் காசு கொடுத்து இன்னொரு தடவை படிக்கிறது. பல வேளைகளில் ரியூஷன் வகுப்பு பாடசாலையைவிட ஓர் அலகு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

வகுப்பறை முகாமைத்துவம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பறை என்று எண்ணி எழுதப்பட்டவை. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு வகுப்பறைகள். முதலாவதில் நிற்கும் ஆசிரியரின் தலையிடி அங்கேதான் தொடங்குகிறது. எதிரே இருக்கும் பிள்ளைகளில் ஒரு பாதி பாடத்தை ஏற்கெனவே கேட்டுவிட்டது. மறுபாதிக்குப் போன வருடப் பாடமே விளங்கவில்லை. முதற்பாதி சலிப்பில் கதைக்கிறது. மறுபாதி பயத்தில் வாய் திறக்காமல் இருக்கிறது. கதைக்கும் பாதியைப் பற்றி ஆசிரியர் ஓய்வறையில் தினமும் முறைப்பாடு உண்டு. பேசாத பாதியைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை, அது ஒழுங்காக இருப்பதாகத் தோன்றுவதால்.

இந்தத் தோற்றத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு என்ற எண்ணம் நம் அதிபர்களிடமும் பெற்றாரிடமும் ஆழமாக ஊறியிருக்கிறது. நடைபாதையால் போகும் உப அதிபரின் காதுக்கு எட்டுவது சத்தம்தான், கற்றல் எட்டாது. ஆகவே சத்தம் அளக்கப்படுகிறது. ஆசிரியரும் அளக்கப்படுவதையே கவனித்துக்கொள்கிறார்.

யார் இந்தப் பிள்ளைகள்? நாடு முழுவதும் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் 40 இலட்சம் மாணவர் படிக்கிறார்கள். ஆசிரியர்கள் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரியாக ஓர் ஆசிரியருக்குப் பதினேழு பிள்ளை. தாளில் பார்த்தால் உலகின் வசதியான நாடுகளோடு போட்டி போடக்கூடிய கணக்கு. ஆனால் கிராமத்துப் பாடசாலையொன்றில் ஒரு வகுப்பில் ஐந்து பேர் இருக்க, கொழும்பில் பெயர்பெற்ற கல்லூரியில் நாற்பது பேர் நெருக்கி இருப்பார்கள். சராசரிக்குள் ஒளிந்திருப்பது இந்த ஏற்றத்தாழ்வு.

அந்த நாற்பது பேரும் ஓரிடத்துப் பிள்ளைகள் அல்லர். கொட்டாஞ்சேனையில் 1865-இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும் 1869-இல் தொடங்கிய நல்லாயன் கன்னியர் மடமும் துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களைக் கண்டவை. அந்தப் பகுதி வகுப்புகளில் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும், மலையகத்திலிருந்து கடைவேலைக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பார்கள். வெள்ளவத்தையின் கதை வேறு. 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரிந்த அதே ஒழுங்கைகளுக்கு, 1990-களில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள்; 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வரவு பெருகியது. சைவ மங்கையர் வித்தியாலயம், இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி ஆகியவற்றின் வகுப்பறைகளில் யாழ்ப்பாணப் பேச்சும் கொழும்புப் பேச்சும் கலந்தன. வீட்டில் ஆங்கிலம், முச்சக்கர வண்டியில் சிங்களம், வகுப்பில் தமிழ் என்று வளரும் பிள்ளையும் அதே வகுப்பில்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் இந்தக் கலவை மறுபடி குலுக்கப்பட்டு, தரம் 6-இல் புது முகங்களோடு புது வகுப்பு உருவாகும். ஜனவரியில் அந்த வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லும் தாள் எதுவும் கையில் இல்லை. புலமைப்பரிசில் புள்ளி மட்டும் இருக்கிறது. அந்தப் புள்ளி பிள்ளையைத் தெரிந்தெடுக்க உதவும். அதற்கு எது விளங்கவில்லை என்று சொல்லாது.

இந்த நிலையில் பழைய ஆசிரியர்கள் கையில் எடுத்தது பிரம்பு.

பிரம்புக்குச் சட்டத்திலேயே இடமிருந்தது. 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 341-ஆம் பிரிவில், நியாயமான அளவில் மாணவனை அடிக்கும் ஆசிரியர் குற்றவியல் பலாத்காரம் புரியவில்லை என்று ஓர் உதாரணமே எழுதி வைத்திருந்தார்கள். 1995-இல் சிறுவர்க்கெதிரான கொடுமை தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 1998-இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை சட்டப்படி அமைந்தது. கல்வி அமைச்சின் 2005-ஆம் ஆண்டு 17-ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையை விலக்கியது. 2016-இல் 12-ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதை மறுபடி வலியுறுத்தியது. சுற்றறிக்கை வந்ததும் பிரம்பு போய்விட்டதா? 2017-இல் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக நடந்த ஆய்வில், கடந்த தவணையில் ஏதோ ஒரு வகை உடல் தண்டனைக்கு ஆளானதாக 80.4 வீதமான மாணவர்கள் சொன்னார்கள். ஐவரில் நால்வர். சுற்றறிக்கைக்கும் வகுப்பறைக்கும் இடையே இருக்கும் தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கு அது. அரசியலமைப்பின் 11-ஆம் உறுப்புரை தடுக்கும் கொடூரமான, மனிதத் தன்மையற்ற, இழிவான நடத்துகைக்குள் அந்த அறை வருகிறது என்று நீதியரசர் எஸ். துரைராஜா எழுதினார். ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாவும் அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் செலுத்த வேண்டும் என்று கட்டளை. ஒரு வகுப்பில் ஒரு கணத்தில் கை ஓங்கியது அடிப்படை உரிமை மீறலாக முடிந்தது. இதைப் படித்த ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் பிரம்பை மேசைக்கடியில் வைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் பலர் நாக்கை எடுத்துக்கொண்டார்கள். தழும்பு விடாத அடி அது: வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி புள்ளியை வாசிப்பது, அக்காவோடு ஒப்பிடுவது, "உனக்கு எதுக்கு இந்தப் பாடசாலை" என்று கேட்பது. மேற்சொன்ன ஆய்வு இதையும் அளந்தது. சொல்லால் நோகடிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 72.5 வீதம்.

தடை சரியானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. தடையோடு வேறெதுவும் கொடுக்காமல் விட்டதுதான் அமைச்சின் தவறு. கொடுப்பதற்கு இல்லாமலும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த விடயம் தீவிரமாக ஆராயப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் டெட்ராயிற் நகரில் வேய்ன் அரச பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் கூனின் என்றொரு உளவியலாளர் இருந்தார். ஒருநாள் அவருடைய விரிவுரையில் பின்வரிசை மாணவர் ஒருவர் பத்திரிகை விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். கூனின் அதட்டினார். அதட்டப்பட்டவரைவிட, குற்றமே செய்யாத மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவர் கவனித்தார். ஒருவர்மேல் விழும் அதட்டல் சுற்றியிருப்பவர்களை எப்படி மாற்றுகிறது என்ற ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. பல வருடங்கள், பல வகுப்பறைகள், கமராவில் பதிந்த எத்தனையோ மணித்தியாலப் பாடங்கள். 1970-இல் நூலாக வந்தபோது முடிவு அவர் தேடிப்போனதற்கு நேரெதிராக இருந்தது. குழப்படி நடந்தபின் ஆசிரியர் கடுமையாகப் பேசினாரா, மென்மையாகப் பேசினாரா, தண்டித்தாரா, கெஞ்சினாரா என்பதற்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. நல்ல வகுப்பையும் குழம்பிய வகுப்பையும் பிரித்தது, குழப்படி தொடங்குமுன் ஆசிரியர் செய்துகொண்டிருந்த வேலை.

அந்த வேலை என்ன? முதலாவது, முதுகிலும் கண் இருப்பதாகப் பிள்ளைகள் நம்பும்படி இருத்தல். கரும்பலகையில் எழுதும்போதும் பக்கவாட்டில் நின்று வகுப்பைப் பார்த்தபடி எழுதும் ரீச்சர்மாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வகுப்புக்கு முதுகைக் காட்டி முழுப் பலகையையும் நிரப்பும் சேர்மாரையும் கண்டிருக்கிறோம். முதல் வகையினர் குழப்படி இரண்டு பேரிடம் இருக்கும்போதே சரியான ஆளைப் பார்த்துவிடுவார்கள். இரண்டாம் வகையினர் திரும்பும்போது அது எட்டுப் பேரிடம் பரவியிருக்கும். கடைசியில் தண்டனை தொடங்கியவனுக்குக் கிடைக்காது, கடைசியாகச் சிரித்தவனுக்குக் கிடைக்கும். பிள்ளைகள் மன்னிக்காத அநியாயம் இது ஒன்றுதான்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்த்தல். ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்திக்கொண்டே அடுத்த வரிசைக்கு ஒரு கேள்வி போடுவது. வாசலில் யாரோ சுற்றறிக்கைப் புத்தகத்தோடு வந்து நிற்கும்போது, கையெழுத்திட்டபடியே வகுப்பை வேலையில் வைத்திருப்பது. சுற்றறிக்கைப் புத்தகம் நம் பாடசாலைகளில் ஒரு பாடவேளைக்குள்ளேயே இரண்டு தடவை வரக்கூடியது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, பாடத்தை இடறாமல் கொண்டுபோதல். ஒரு செயலிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடங்களில்தான் வகுப்பு உடைகிறது. "கொப்பியை எடுங்கோ, இல்லை, முதலில் புத்தகத்தை எடுங்கோ, நேற்றுத் தந்த வீட்டுவேலை யார் யார் செய்யேல்லை?" என்று மூன்று திசையில் இழுத்தால் நாற்பது பேரும் மூன்று திசையில் போவார்கள்.

இதில் காலக்கணக்கு ஒன்றும் இருக்கிறது. காலைக் கூட்டமும் இடைவேளையும் போக, எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் மாறி, வணக்கம் சொல்லி, இருக்கையில் அமர்ந்து, கொப்பி தேடி, கரும்பலகை அழித்து, பாடம் தொடங்க ஐந்து நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பாடவேளைக்கு 40 நிமிடம். அதாவது ஒவ்வொரு நாளும் ஒரு முழுப் பாடவேளை காற்றில் போகிறது. ஒரு தவணைக்குக் கணக்குப் பார்த்தால், பெற்றார் ரியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த ஐந்து நிமிடங்களை மாலையில் திரும்ப வாங்குவதற்குத்தான். பாடவேளை தொடங்கும்போது பலகையில் ஒரு சிறு கணக்கோ ஒரு பிழை வாக்கியமோ எழுதப்பட்டிருந்தால், பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் பென்சிலை எடுப்பார்கள். செலவு ஒரு வெண்கட்டித் துண்டு.

பாடம் தொடங்கியபின் நடப்பது பெரும்பாலும் கேள்வியும் பதிலும். இங்கே நம் வகுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு: ஆசிரியர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்த, வகுப்பு ஒரே குரலில் மிச்சத்தைச் சொல்லும். "ஒளித்தொகுப்பு நடைபெறுவது?" "இலையில்!" கேட்க உற்சாகமாக இருக்கும், யாருக்கு விளங்கியது என்று ஆசிரியருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. முன்வரிசையில் ரியூஷனில் கேட்டுவிட்டு வந்த பத்துப் பேரின் குரல் மற்ற முப்பது பேரின் மௌனத்தை மூடிவிடும். மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு செக்கன். அதை மூன்று செக்கனாக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று செக்கன் மௌனம் ஆசிரியருக்கு மூன்று நிமிடம்போல் இருக்கும் என்பது உண்மை. முன்வரிசையில் "மிஸ், மிஸ்" என்று கை ஆட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பின்வரிசைக்காகக் காத்திருப்பதற்கு மனத்திடம் வேண்டும்.

வகுப்புக்குள் இருக்கும் இந்தத் தர வித்தியாசத்தைத் தனி ஆசிரியர் சமாளிக்க முடியாது என்பது சரி. அதற்குத் தமிழ்ச் சூழல் ஒரு காலத்தில் ஒரு வழி வைத்திருந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பல வயதினர், பல படிநிலையினர். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான், ஒப்பிக்கக் கேட்பான். மணலில் விரலால் எழுத்துப் பழகுவார்கள். ஸ்கொற்லாந்துக்காரரான அன்ட்ரூ பெல் 1787-இல் இந்தியாவுக்கு வந்து, 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நிர்வகித்தார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் ஆசிரியர்களிடம் அதைச் செய்யச் சொன்னார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். அப்போது ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஆரம்ப வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். 1797-இல் பெல் லண்டனில் இதைப் பற்றி நூல் எழுதினார். அடுத்த ஆண்டு ஜோசப் லங்காஸ்ரர் லண்டனில் தன் பள்ளியைத் தொடங்கி, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையாக இதை வளர்த்தார். "மட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே ஐரோப்பாவில் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் அவர் பிறந்த சென்ற் அன்ட்ரூஸ் நகரில் தொடங்கிய பள்ளி இன்றும் மட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

அந்த முறையில் குறைகள் ஏராளம். நூற்றுக்கணக்கானவர்களை இயந்திரம்போல் ஓட்டியது அது, மனப்பாடத்தைத் தாண்டவில்லை, ஏழைப் பிள்ளைகளுக்கு மலிவான கல்வி போதும் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. திண்ணைப் பள்ளியின் கோதண்டம் என்ற தண்டனையையும் நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும்: அங்கே மூத்த மாணவனின் வேலை கற்பிப்பது.

இன்று கொழும்பு வகுப்பறையில் மொனிற்றரின் வேலை என்ன? ஆசிரியர் வராத பாடவேளையில் கரும்பலகையின் ஒரு மூலையில் கோடு போட்டு, கதைத்தவர்களின் பெயரை எழுதுவது. இரண்டாம் தடவை கதைத்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி. ஆசிரியர் வந்ததும் பட்டியல் வாசிக்கப்படும். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்கே பெரும்பாலும் இந்தப் பதவி கிடைக்கும். அதாவது, பக்கத்தில் இருப்பவனுக்குப் பின்னங்களைச் சொல்லிக் கொடுக்கக் கூடிய ஒரே பிள்ளையை எழுப்பி, வெண்கட்டியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவனின் பெயரை எழுத வைத்திருக்கிறோம். சொல்லிக் கொடுப்பதும் கதைப்பதுதான். ஆகவே அதற்கும் பெயர் எழுதப்படும். ஆசிரியர் தொகை குறைந்து பாடவேளைகள் வெறுமையாகப் போகும் பாடசாலைகளில் இது சின்ன இழப்பல்ல.

இதை மாற்றுவதற்கு அமைச்சரவை அனுமதி தேவையில்லை. தரம் 6-இல் ½ + ⅓ என்ற கணக்குக்கு ⅖ என்று விடை எழுதும் பிள்ளை, மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறது. ஆசிரியருக்கு இது ஒரு பார்வையில் தெரியும்; ஆனால் நாற்பது கொப்பிகளை ஒரே பாடவேளையில் பார்க்க முடியாது. போன மாதம் அதே பிழையை விட்டு இப்போது திருந்திய பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். எங்கே தடுக்கும் என்று ஆசிரியரைவிட அதற்குக் கிட்டத்தில் ஞாபகம் இருக்கும். ல, ள, ழ வேறுபாடும் அப்படித்தான். வீட்டில் ஆங்கிலமும் சிங்களமும் கேட்டு வளரும் கொழும்புப் பிள்ளைக்குச் சொல்வதெழுதலில் இது தீராத தலையிடி. ஒரு சோடியில் ஒரு பிள்ளை வாசிக்க மற்றது எழுதி, பிறகு இருவரும் சேர்ந்து திருத்தினால், ஆசிரியர் நடந்து திரிந்து சிக்கல் உள்ள ஐந்து சோடிகளிடம் மட்டும் நின்றால் போதும். ஒரு நிபந்தனை: எப்போதும் ஒரே பிள்ளையே சொல்லிக் கொடுப்பவராக இருக்கக் கூடாது. கணக்கில் உதவி வாங்கும் பிள்ளை தமிழிலோ சித்திரத்திலோ உதவி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய சட்டாம்பிள்ளையின் அதிகாரம் பின்கதவால் வந்துவிடும்.

பிள்ளையின் வயதைப் பார்க்காமல் அது நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது பலன் தரும் என்பதற்கு அண்டை நாட்டிலிருந்து வலுவான சான்று உண்டு. 2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து தனியே எடுத்து, அதே பகுதியைச் சேர்ந்த இளம் பெண்களைக் கொண்டு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுத்தது. பின்னர் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அதை அளந்தார்கள். அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்த இளம் பெண்களுக்குக் கிடைத்த ஊதியம் அரச ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான். தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி 2007 அளவில் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலும் இதே திசையில் போனது: அட்டைகள், ஏணிப்படி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வேகம். அது எங்கே வென்றது, எங்கே அட்டை நிரப்பும் சடங்காகியது என்பது தனிக்கட்டுரைக்குரிய விடயம்.

இலங்கையும் முயலாமல் இல்லை. 1997 சீர்திருத்தங்கள் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, முதல் இரண்டு தரங்களில் வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றுக்கும் இடம் வைத்தன. 2007-இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தரம் 6-க்கும் 10-க்கும் வந்தபோது, மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் ஐந்து படிகளைக் கொண்ட கற்பித்தல் முறையை ஆசிரியர் வழிகாட்டி நூல்களில் பாடம் பாடமாக வகுத்துக் கொடுத்தது. குழுவாக ஆராய்ந்து, கண்டதை விளக்கி, விரித்து, கணிப்பிடும் அழகான திட்டம். அது நுழைந்த கட்டடத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை. நீண்ட மண்டபத்தில் அரைச்சுவரோ மரத்தட்டியோ மட்டும் பிரிக்கும் மூன்று வகுப்புகளில், ஒன்று குழுவாக ஆராய்ந்தால் மற்ற இரண்டும் பாடம் கேட்க முடியாது. பக்கத்து ரீச்சர் எட்டிப் பார்ப்பார். மறுநாள் ஆராய்ச்சி நின்றுவிடும், "குறிப்பெடுங்கோ" திரும்பிவிடும். பரீட்சையும் குறிப்பைத்தான் கேட்டது. கொழும்பிலிருந்து 2000-களில் வெளிவந்த "அகவிழி" போன்ற ஆசிரியர் இதழ்கள் இந்த முறைகளைத் தமிழில் விளக்கிப் பெரும் பணி செய்தன, பேராசிரியர் சோ. சந்திரசேகரன், பேராசிரியர் சபா. ஜெயராசா போன்றோர் நிறைய எழுதினார்கள். வாசித்த ஆசிரியர்களுக்குக் கருத்துக் கிடைத்தது. வகுப்பறைக்குள் வந்து பார்த்து, "இந்த இடத்தில் இப்படிச் செய்து பாருங்கள்" என்று சொல்லும் ஆள் கிடைக்கவில்லை. ஆசிரிய ஆலோசகர்களின் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் அவர்களின் வருகை பாடக்குறிப்புப் புத்தகத்தையும் வரவு இடாப்பையும் சரிபார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

ஆசிரியரைக் குறைசொல்லி நிறுத்துவதும் நியாயமல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபின் கைப்பேசியில் பாடம் நடத்தியவர்கள் அவர்கள். 2021 ஜூலை முதல் சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கில் பணிப்பகிஷ்கரிப்பில் நின்றவர்களும் அவர்கள். 2022-இல் பெற்றோல் வரிசைக்கும் வகுப்பறைக்கும் இடையே ஓடியவர்களும் அவர்கள்தான். சம்பளம் போதாதபோது மாலை வகுப்பு எடுப்பது இயல்பு. மேல் மாகாணத்தில் 2023-இல் மாகாண நிர்வாகம், ஆசிரியர்கள் தம் சொந்த மாணவருக்கே காசுக்கு வகுப்பு எடுப்பதைத் தடுத்தது. காலையில் அரைகுறையாக விட்ட பாடத்தை மாலையில் விற்பதைத் தடுக்க அது தேவை. ஆனால் ரியூஷனின் வேர் காலை வகுப்பில் இருக்கிறது. அங்கே பிழை திருத்தப்படாதவரை, ஒரு கட்டடத்தை மூடினால் பக்கத்து ஒழுங்கையில் இன்னொன்று திறக்கும்.

பிழை திருத்தல் என்று வரும்போது கொப்பியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகள் மூன்று பகுதியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதிக்குப் புள்ளி மட்டும். ஒரு பகுதிக்குக் கருத்துரை மட்டும். மூன்றாம் பகுதிக்குப் புள்ளியும் கருத்துரையும். கருத்துரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே, முன்னேறவில்லை. புள்ளியைக் கண்டதும் பிள்ளை கருத்துரையை வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. பத்துக்கு எத்தனை என்று கேட்டே பிள்ளையை வீட்டுக்குள் விடும் நமக்கு இது கசப்பான முடிவு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ரியூஷன் கட்டணத்தைக் கட்டுமுன், பிள்ளையின் பாடசாலைக் கொப்பியை எடுத்து இந்தத் தவணையின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பிழைக்குப் பக்கத்தில் ஆசிரியர் ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா, அந்த வரியைப் பார்த்துப் பிள்ளை அதே கணக்கை மறுபடி செய்திருக்கிறதா என்று பாருங்கள். செய்திருந்தால் அந்த ஆசிரியருக்கு நேரில் போய் நன்றி சொல்லுங்கள்; அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிவப்பு மையில் சரியடையாளமும் திகதியும் மட்டும் இருந்தால், அடுத்த பெற்றார் கூட்டத்தில் புள்ளியைக் கேட்காமல் அந்தக் கொப்பியை அதிபரின் மேசையில் விரித்து வையுங்கள்.